சேலத்து வாசலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வாசல் வரை: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்குப் போடும் வழி

போன வருடம் மே மாதக் கடைசியில் அம்மாபேட்டையிலிருந்து அத்தை போன் செய்தார். மகளின் முதல் பிரசவத்துக்காக அத்தையும் மாமாவும் சான் பிரான்சிஸ்கோ போக வேண்டும். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. “ஏன் கண்ணு, விடிகாலை நாலு மணிக்குச் சென்னையில ஏறுனா அன்னைக்கே மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு அங்க எறங்கிடலாம்னு போட்டிருக்கு. பத்து மணி நேரந்தானா? பக்கத்து வீட்டுல ஒரு நாள் ஆகும்ங்கறாங்களே?”

டிக்கெட்டிலும் தப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் தப்பில்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நாம் பயணத்தில் இருக்கும் நேரம். தூரம், பறக்கும் நேரம், கடிகார நேரம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கணக்குகள். முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் வருகிறது, சில நேரம் விமானமே தவறிப்போகிறது. அன்று மாலை அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் லண்டனோ டொராண்டோவோ, வழி இதுதான்.

முதலில் தூரம்

ஏற்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து காக்கை பறந்தால் ஏற்காடு 14, 15 கிலோமீட்டர்தான் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி மேலே போனால் வண்டி காட்டுவது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விமானத்துக்கும் இப்படி இரண்டு தூரம் உண்டு. ஒன்று, பூமிப் பரப்பின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு. மற்றொன்று, விமானம் உண்மையில் சுற்றிப் போகிற பாதை. இணையத்தில் ‘விமான தூரம்’ என்று போட்டால் கிடைப்பது முதல் தூரம்தான். உண்மையில் பறப்பது எப்போதும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்தக் குறுகிய கோட்டைச் சுவரில் மாட்டும் உலகப்படத்தில் தேடாதீர்கள். தட்டையான படத்தில் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது வடக்கே ஏறாமல் கடலின் குறுக்கே போகும். உருண்டையில் பார்த்தால் கதையே வேறு. அத்தை வீட்டில் பேரன் பள்ளிக்கு வாங்கிய சின்ன பூகோள உருண்டை ஒன்று இருந்தது. தையல் நூல் எடுத்துப் பூமத்திய ரேகையைச் சுற்றி அளந்தோம், 64 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். 40,000-ஐ 64-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 625 கிலோமீட்டர். அப்புறம் அதே நூலின் ஒரு முனையைச் சென்னையில் அத்தை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து நான் இழுத்தேன். தளர்வாக இருந்தவரை நூல் கடல் மேல் கிடந்தது. விறைக்க விறைக்கத் தானாக வடக்கே நழுவி நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கி நின்றது. அளந்தால் 22 சென்டிமீட்டரும் மூன்று சின்னக் கோடும். கிட்டத்தட்ட 13,900 கிலோமீட்டர். கணினி போடும் கணக்கும் அதே 13,900-ஐ ஒட்டித்தான் வரும்.

இந்த நூல் விளையாட்டை ஒருமுறை செய்து பாருங்கள். விமானத்துக்குள் முன்சீட்டுத் திரையில் நம் விமானம் வடக்கே வடக்கே போவதைப் பார்த்து, “தப்பான பக்கம் போகுதே” என்று பதற மாட்டீர்கள்.

உருண்டை இல்லாதவர்கள் கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அதுவும் வளைந்த கோட்டைத்தான் அளக்கிறது. தேடும்போது ஊர்ப் பெயரை விட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுப்பது நல்லது: சென்னை எம்.ஏ.ஏ., பெங்களூரு பி.எல்.ஆர்., சான் பிரான்சிஸ்கோ எஸ்.எஃப்.ஓ., நம்ம சேலம் எஸ்.எக்ஸ்.வி. விடை மைலில் வந்தால் 1.609-ஆல் பெருக்குங்கள். கடல் மைல் என்று போட்டிருந்தால் 1.852. இரண்டும் வேறு, அதையும் கவனியுங்கள்.

தூரத்திலிருந்து பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலைத்த பிறகு மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர். வகுத்தால் மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு, அரை மணி கூட்டினால் நாலு மணி. அட்டவணையும் நாலு, நாலேகால் என்றுதான் இருக்கும். லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர். கணக்குப்படி பத்தேகால் மணி நேரம். போகும்போது பெரும்பாலும் பத்தரையைத் தாண்டும், அதற்குக் காரணம் காற்று. அதைக் கீழே சொல்கிறேன்.

நீண்ட தூரத்துக்கு ஒரு உண்மைக் கணக்கைச் சரிபார்க்கலாம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல்முறையாக இடைநில்லா விமானம் விட்டது. ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோரும் பெண்கள். வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தார்கள். இரண்டு ஊருக்கும் நேர் தூரம் ஏறக்குறைய 13,990 கிலோமீட்டர். நம் கணக்குக்கு 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையில் ஜனவரி 9 இரவு 8.30-க்குப் புறப்பாடு, ஜனவரி 11 அதிகாலை 3.45-க்கு வருகை. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் நம்மை விடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதாவது அவர்கள் புறப்பட்டபோது இங்கே ஜனவரி 10 காலை 10 மணி. அங்கிருந்து மறுநாள் அதிகாலை 3.45 வரை எண்ணினால் பதினேழே முக்கால் மணி நேரம். பாதை நேர்க்கோட்டை விட்டு விலகியதும் அட்டவணையில் விடும் இடைவெளியும் சேர்ந்து அந்த முக்கால் மணி கூடியிருக்கிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடங்குவதில்லை. வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அங்கே வாயிலில் வந்து நிற்கும் வரையான நேரம் அது. அதனால்தான் சில நேரம் அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருகிறது.

ஏன் போக ஒரு நேரம், வர ஒரு நேரம்?

ஆடி மாதத்தில் ஓமலூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எதிர்க்காற்றில் மிதித்தால் முழங்கால் விட்டுப்போகும். திரும்பும்போது பெடலில் கால் வைத்தாலே போதும். வானத்தில் ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் பலமான காற்றோட்டம் உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் பலமாக அடிக்கும். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போவதைத் தடுக்கும். அதனால் சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தை விட லண்டனிலிருந்து சென்னை வர ஆகும் நேரம் குறைவு. சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே இன்னும் நன்றாகத் தெரியும். அமெரிக்கா போகும்போது எடுக்கும் நேரத்தை விடத் திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடும்.

இரண்டாவது காரணம் பாதை. நூல் காட்டிய கோட்டில் விமானம் அப்படியே போக முடியாது. திபெத் பீடபூமியின் மேல் பயணிகள் விமானங்கள் கூடியவரை பறப்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே பத்தாயிரம் அடி உயரத்துக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம். அப்புறம் நாடுகளுக்குள் சண்டை. 2022-லிருந்து ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது. அப்படி மூடும்போது தூரம் மாறாது, சுற்றுப்பாதையால் நேரம் கூடும். எனவே நாலு வருடம் முன்பு போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், உங்கள் தேதிக்கான அட்டவணையைப் பாருங்கள். நேர் விமானம் இருக்கிறதா என்பதற்கும் இதே பதில்தான். அது ஒரு பருவத்தில் இருக்கும், அடுத்த பருவத்தில் நின்றிருக்கும்.

கடிகாரம் காட்டும் வித்தை

இதைத்தான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதேதான், ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டுக்கும் நாலு மணி நேரப் பறப்பு என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு இரண்டு விமானங்கள் சென்னையில் கிளம்புகின்றன. சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முன்னால், அதனால் அங்கே இறங்கும்போது மாலை 4.30. துபாய் ஒன்றரை மணி பின்னால், அங்கே இறங்கும்போது பகல் 12.30. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு ஆறரை மணி, மற்றதற்கு இரண்டரை மணி என்று தோன்றும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இரண்டு பேரும் ஒரே அளவுதான்.

இப்போது அத்தையின் டிக்கெட். ஜூன் 10 அதிகாலை 4.00 மணி சென்னை. நாலேகால் மணி நேரத்தில் துபாய், அங்கே அப்போது காலை 6.45. இரண்டு மணி நேரம் காத்திருப்பு. 8.45-க்கு அடுத்த விமானம், 16 மணி நேரம். இறங்கும்போது துபாய் கடிகாரத்தில் ஜூன் 11 நள்ளிரவு தாண்டி 12.45, சான் பிரான்சிஸ்கோவிலோ ஜூன் 10 மதியம் 1.45. நாலேகாலும் இரண்டும் பதினாறும் கூட்டினால் இருபத்திரண்டேகால் மணி நேரம். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: 4.00-லிருந்து 1.45 வரை ஒன்பதே முக்கால், அதோடு கோடைகால நேர வித்தியாசம் பன்னிரண்டரை. அதே இருபத்திரண்டேகால். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வந்தபோது மாமா நோட்டில் அடிக்கோடு போட்டார்.

பன்னிரண்டரையா, பதின்மூன்றரையா? அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய நேரத்துக்குத் திருப்புவார்கள். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகள். துபாய், சிங்கப்பூரில் இந்த மாற்றம் கிடையாது. உங்கள் பயணம் இந்தத் தேதிகளை ஒட்டி இருந்தால் கணக்கை இரண்டு முறை பாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு ஆபத்து, தேதி. ஜூன் 10 அதிகாலை 4 மணி விமானம் என்றால் சேலத்தை விட்டுக் கிளம்புவது ஜூன் 9 மாலை. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. எங்கள் சொந்தத்தில் ஒருவர் ‘15-ஆம் தேதி 00.40’ என்பதைப் பார்த்துவிட்டு 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விமானம் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் குடும்பம் அன்று பட்ட வேதனையைப் பார்த்த பிறகுதான், யார் டிக்கெட் காட்டினாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். காலண்டரில் 15-ஐ வட்டமிடாதீர்கள். 14-இல் ‘இன்று இரவு கிளம்ப வேண்டும்’ என்று எழுதிவையுங்கள்.

சேலத்திலிருந்து விமான நிலையம்

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான நிச்சயமின்மை வானத்தில் இல்லை, ரோட்டில்தான்.

சென்னை விமான நிலையம் ரோடு வழியாக 325 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழி. காரில் ஆறு மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் சேமிப்பில் வையுங்கள். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே திரிசூலத்தில் இருப்பதால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை என்பது நமக்கு வசதி. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து டாக்சி. ரயிலில் சென்ட்ரல் வரை போனால் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே விடும், ஆனால் நடுராத்திரியில் மெட்ரோ ஓடாது.

பெங்களூரு தூரத்தில் பக்கம், நேரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தேவனஹள்ளி விமான நிலையம் நகரத்தின் வடக்கு மூலையில், நாம் நுழைவது தெற்கே ஓசூர் பக்கம். ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். அதற்கு முன்னால் தொப்பூர் கணவாய் இருக்கிறது. ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். வயதானவர்களோடு, சாயங்கால நேரத்தில் போவதாக இருந்தால் நான் சென்னையைத்தான் சொல்வேன்.

சிங்கப்பூரோ துபாயோ போகிறவர்கள் திருச்சியையும் பாருங்கள். நாமக்கல் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

காமலாபுரத்தில் நம் விமான நிலையமும் இருக்கிறது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின, எழுபது பேர் அளவுக்கு அமரும் ஏ.டி.ஆர். விமானங்கள். சென்னை நேர்க்கோட்டில் 265 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். (இவை மெதுவான விமானங்கள், 850-க்குப் பதில் 500-ஆல் வகுங்கள்.) எங்கள் ஊரிலேயே ஏறிப் போவது பெருமைதான், ஆனால் இரண்டு விஷயம். வெளிநாட்டு டிக்கெட்டோடு ஒரே பி.என்.ஆர்.-இல் (டிக்கெட்டின் பதிவு எண்) இல்லாமல் தனியாக வாங்கினால், இது தாமதமாகி அடுத்தது தவறினாலும் அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. உள்நாட்டு விமானத்தில் பெட்டி எடை பெரும்பாலும் 15 கிலோதான், அமெரிக்கா போகும் டிக்கெட்டில் 23 கிலோப் பெட்டி இரண்டு கொடுத்திருப்பார்கள். ஊறுகாயும் முறுக்கும் குழந்தைக்கான வெள்ளிக் கொலுசும் வைத்த பெட்டிக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டிவரும். எனவே தனி டிக்கெட் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள்.

நடுவில் மாறும் இடத்தில் ஒன்றரை மணிக்குக் குறைவாக இருந்தால் முதல்முறைப் பயணிக்கு அந்த டிக்கெட் வேண்டாம், விலை குறைவாக இருந்தாலும். ஒரே பி.என்.ஆர். என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறும். அமெரிக்காவுக்குள் இன்னொரு ஊருக்குப் போகிறவர்கள் மட்டும், முதலில் இறங்கும் அமெரிக்க விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் முடித்துப் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே மூன்று மணி நேரமாவது வேண்டும்.

கடைசியாக ஒரு தாள்

அத்தைக்காகக் கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பத்தி போட்டோம். இடது பக்கம் ‘சேலம் மணி’, வலது பக்கம் ‘அந்த ஊர் மணி’. அம்மாபேட்டை வீட்டை விட்டுக் கிளம்புவது 9-ஆம் தேதி மாலை 6. சென்னை நிலையம் இரவு 1. விமானம் 4. துபாயில் இறங்க 8.15, அங்கே 6.45. மீண்டும் ஏற 10.15. இறங்குவது சேலத்துக்கு அதிகாலை 2.15, தேதி 11, அங்கே 10-ஆம் தேதி மதியம் 1.45. இமிகிரேஷன், பெட்டி, கார் எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி. வாசலில் இருந்து வாசல் வரை முப்பத்தைந்து மணி நேரம். அதைக் கேட்டதும் அத்தை பயப்படவில்லை. “அப்ப ஒண்ணரை நாளுன்னு வெச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்து வந்தார்.

மாத்திரைக்குத்தான் இந்தத் தாள் முக்கியமாக உதவியது. மாமாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எந்த மாத்திரையைச் சேலம் மணிப்படி எப்போது போடுவது, அங்கே போன பிறகு எப்படி மாற்றுவது என்று தாளைக் காட்டி டாக்டரிடம் கேட்டு ஓரத்திலேயே எழுதி வாங்கினோம். மருந்தும் சீட்டும் கைப்பையில், பெரிய பெட்டியில் ஒன்றுகூட இல்லை. பதினாறு மணி நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் அதில் குறித்திருந்தது. மாமா தன் கைக்கடிகாரத்தைச் சேலம் நேரத்திலேயே விட்டுவிட்டார், போனில் அந்த ஊர் நேரம் தானாக மாறிக்கொண்டது.

தாளைப் படம் எடுத்து மகளுக்கும் விமான எண்ணோடு அனுப்பினோம். எண்ணைப் போட்டால் விமானம் எங்கே வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசி வரியில் ‘பாப்பா வீட்டு வாசல்’ என்று எழுதி, மணியை மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஜூன் 11 காலை சேலத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. காலியிடத்தில் அத்தையின் கையெழுத்தில் 5.20 என்று இருந்தது.